சுவிச்சை அணைக்கப் போனவன்

ஆக்சிஜன் மெஷின் வாடகைத் தொழில்ல ஒரு விசேசம்: கொண்டுபோறப்ப நம்ம வண்டியப் பாத்ததும் கையெடுத்துக் கும்புடுவாக, திருப்பி எடுக்கப் போனா நாயை அவுத்து விடாத குறைதான். கேபிள் வசூல், சீட்டு வசூல்னு அடுத்தவுக வாசல்ல நின்னு காலு மரத்துப்போன என் இனமே, உங்களுக்குச் சொன்னாப் புரியும். காலேஜும் நானும் ரெண்டாம் வருசம் பேசிப் பிரிஞ்சதுல, திண்டுக்கல்ல ஒரு கடையில எனக்கு இந்த வேலை. மெஷின் கரண்டுல ஓடும், காத்தை இழுத்து ஆக்சிஜனா மூக்கு டியூப்ல விடும், ஓடுற நேரம் பூரா உர்ர்ருன்னு கத்தும். கொரோனாவுல வெளிய போன மெஷின்ல ஒண்ணு மட்டும் திரும்பி வரவே இல்ல. அது தொப்பம்பட்டிப் பக்கம் கந்தசாமி அண்ணன் வீட்ல இருந்துச்சு, எடுக்கப் போனேன்.

டீக்கு முன்னாடி செக்கிங்

அண்ணன் தக்காளி வெவசாயி. ஆஸ்பத்திரில பொழைச்சு வந்து மாசக்கணக்காச்சு, ஆளு ஆலமரம் மாதிரி இருக்காரு. அவரு சம்சாரம் சரசு அக்கா டீ கொண்டாந்தாக. அண்ணன் டம்ளரைத் தடுத்துட்டு, ஆக்சிஜன் பாக்குற கிளிப்பை என் விரல்ல மாட்டிட்டாரு. வீட்டுக்கு வர்ற அம்புட்டுப் பேருக்கும் இதே மரியாதையாம். பால்காரரு விரலு சில்லுன்னு இருந்து நம்பர் கம்மியாக் காட்ட, மனுசனை ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்கே அனுப்பிட்டாராம். நான் சிரிச்சேன், அக்கா சிரிக்கல. அதுக்குள்ள என் ரிசல்ட்டு வந்துருச்சு.

"தொண்ணூத்தெட்டுங்க தம்பி. இப்பக் குடிங்க."

கைப்பழக்கம்

எங்க தொழில்ல, உள்ள போனதும் பேச்சுக்கு இடங்கொடுக்காம சுவிச்சை அணைச்சு டியூப்பைச் சுருட்டிரணும். செத்த நேரம் நின்னா, இன்னும் ஒரு வாரம் இருக்கட்டுமேம்பாக. டீயைக் குடிச்சிட்டு அதேபடி சுவிச்சை அணைச்சேன். சத்தம் நின்னதும் அண்ணன் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு சுவத்துல சாஞ்சுட்டாரு. வேர்த்துக் கொட்டுது, கை உதறுது. ஆனா டியூப்பு அவரு மூக்குலயே இல்ல, ஆணியில தொங்குது. பதறிப்போய் சுவிச்சைத் திரும்பப் போட்டேன். உர்ர்ருன்னு ஓடவும் ஆளு சரியாயிட்டாரு.

அக்கா என்னைய வெளிய கூட்டியாந்து சொன்னாக. நுரையீரல் தெளிஞ்சிருச்சுன்னு டாக்டரு சொல்லிட்டாராம். ஆனா மனுசன் தோட்டத்துக்குப் போறதில்ல, சந்தைக்குப் போறதில்ல, மெஷின் இருக்குற ரூமை விட்டு நகர்றதே இல்ல. தக்காளி செடியிலயே அழுகிப் போகுதாம்.

"பொழைக்க வச்சுக் கூட்டியாந்தேனுங்க தம்பி. இன்னும் அவரு வீடு வந்து சேரலீங்க."

பக்கத்துக் கட்டில்

அடுத்த தடவை போனப்ப அண்ணன் தானாவே பேசுனாரு. ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் இருந்தாராம். பேசத் தெம்பு இல்லாததால ரெண்டு பேருக்கும் கையசைச்சே சினேகம், பேரு கூடத் தெரியாது. ஒரு நாளு அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருக்கப்ப அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்னுருக்கு. ஆளு தேறிட்டாரு, கழட்டிட்டாகன்னு நெனச்சாராம். கண்ணைத் தெறந்து பாத்தா, மொகத்துல துணியை இழுத்து விட்டுக்கிட்டு இருந்தாகளாம்.

தரையைப் பாத்துக்கிட்டே அண்ணன் சொன்னாரு.

"அந்தச் சத்தம் நின்னப்ப நான் சந்தோசப்பட்டுட்டேனுங்க தம்பி. அதைத்தான் தாங்க முடியலீங்க."

மெஷின் வந்துக்கிட்டே இருக்கு

அக்கா அவரைப் பழனில மனசுக்குப் பாக்குற டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனாக. பெரிய நோவுல இருந்து எந்திரிச்ச நெறையப் பேருக்கு இப்பிடி இருக்கும், இது பைத்தியமில்லன்னாகளாம். மாத்திரை குடுத்து, பேசி, மெஷினைப் புடுங்காதீங்க, கொஞ்சங் கொஞ்சமாத் தள்ளி வைங்கன்னு சொல்லி அனுப்பிச்சாக. தள்ளுற உத்தியோகம் எனக்கு. அந்தப் பக்கம் போறப்பல்லாம் கட்டில்ல இருந்து கூடம், கூடத்துல இருந்து வாசல், வாசல்ல இருந்து மாட்டுக் கொட்டகைன்னு நகர்த்துனேன். பசுவுக்கு ஆக்சிஜன் வைக்கிறாகன்னு ஊரே பேசுச்சு. ஒவ்வொரு தடவையும் அண்ணன் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. வேணாம்னு மட்டும் ஒரு தடவை கூடச் சொன்னதில்ல. மூட்டை தூக்குறவுகளைப் பாத்திருக்கேன், இம்புட்டுக் கனத்தைத் தூக்குன ஆளைப் பாத்ததில்ல.

கடையில முதலாளி மெஷின் எங்கன்னு கத்துனாரு. வந்துக்கிட்டே இருக்குண்ணே, மாட்டுக் கொட்டகை வரைக்கும் வந்துருச்சுன்னேன்.

"ஏலே, திண்டுக்கல்லுக்கு எப்ப வரும்?"

கொட்டகையில

ஒரு நாள் காலையில அக்கா போன் பண்ணி வரச்சொன்னாக. அண்ணன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கொட்டகையில நிக்கிறாரு. நான் சுவிச்சுக்குக் கைய நீட்டவும் தடுத்துட்டாரு. தானே விரலைக் கொண்டுபோய் அணைச்சாரு. அந்த வீட்ல அப்பிடி ஒரு அமைதியைக் கேட்டு எம்புட்டு நாளாச்சோ. அக்கா முந்தானையை வாயில அமுக்கிக்கிட்டு நிக்கிறாக. பசு கூட அசை போடுறதை நிறுத்திருச்சுன்னு சத்தியம் பண்ணுவேன்.

அண்ணன் நெஞ்சுல கைய வச்சுக் கண்ணை மூடுனாரு. வேர்த்துச்சு, ஆனா சாயல. மூச்சு உள்ள போகுது, வெளிய வருது, எங்க மூணு பேருக்கும் கேட்டுச்சு. கோயில்ல கூட நான் அப்பிடிக் கைகட்டி நின்னதில்ல. செத்த நேரங் கழிச்சுக் கண்ணைத் தெறந்தாரு.

"ஏனுங்க தம்பி, இம்புட்டு நாளும் இது தானாத்தான் ஓடிட்டு இருந்துச்சுங்களா?"

அன்னையில இருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் சுவிச்சை அவுகளே அணைக்கட்டும்னு கைகட்டி நிக்கிறேன், முதலாளி இதைச் சோம்பேறித்தனம்ங்கிறாரு, நானும் மறுத்துப் பேசுறதில்ல.