அப்பாவின் காற்சட்டைப் பைகள்

தலைமன்னாரில் இன்று கருவாட்டு வியாபாரம் என்றால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். இரண்டு லொறியும், மீன் காயவைக்கிற மூன்று வாடியும் என் கெட்டித்தனத்தில் வந்தவை. அந்தக் கெட்டித்தனம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், அம்மாவைத்தான் காட்டுவேன்.

இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய காலம்; நான் சின்னப்பிள்ளை. இறங்குதுறைக்குப் பக்கத்துப் பட்டறையில் அப்பாதான் பெரிய கை. எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன வருத்தம், என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். தன்னுடைய வருத்தத்தை மட்டும் சொல்லமாட்டார். தொடையின் மேற்பக்கம், சொல்லக் கூச்சமான இடத்தில், ஒரு புண் மாதக்கணக்காக ஆறாமல் கிடந்தது. காற்சட்டை தோய்க்கிற அம்மாவுக்குக் கறை தெரிந்துவிட்டது. ஆசுபத்திரிக்கு வாங்கோ என்றால், "கண்ட நிண்ட ஆக்களுக்கு முன்னால காற்சட்டையைக் கழட்டவோ? செத்தாலும் வரமாட்டன்" என்பார்.

ஒருநாள் காலை அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் அடுப்படியில் விழுந்தா. "மாதாவே, என்ர சீவன் போகுது!" அப்பா பதறிப்போய் எங்கள் இரண்டு பேரையும் மன்னாருக்கு ரயில் ஏற்றி, தானும் கூட வந்தார். வழி முழுக்க அம்மா அனுங்கினா. நானும் சேர்ந்து அழுதேன். ஆசுபத்திரியில் டொக்டர் கூப்பிட்டதும் அம்மா துள்ளி எழும்பி, அப்பாவை அறைக்குள் தள்ளிவிட்டுக் கதவை மறித்து நின்றா.

"ஐயா, வருத்தக்காரன் இவர்தான். எனக்கு ஒரு கோதாரியும் இல்லை."

"எடியேய், கள்ளி!" என்று அப்பா கத்தியது விறாந்தை முழுக்கக் கேட்டது.

டொக்டர் வெளியே வந்தபோது, அப்பாவின் பையிலிருந்த எண்ணெய்த் துணியை இரண்டு விரலால் பிடித்திருந்தார். வேலைக்கிடையில் கை துடைக்கிற துணி. வருஷக்கணக்காக அது பைக்குள் கிடந்து கிடந்து, எண்ணெய் ஊறித் தொடையில் பிடித்ததால் வந்த புற்றுநோயாகத்தான் இருக்கும் என்றார். "பரவ முந்திக் கொண்டுவந்திட்டீங்கள், அம்மா. வெட்டி எடுத்தால் தப்புவார். இனி எண்ணெய் தோலில ஊறவே கூடாது."

கொழும்பில் வெட்டினார்கள். அப்பா தப்பினார். திரும்ப வேலைக்குப் போகமுன், அம்மா காற்சட்டைப் பைகள் எல்லாவற்றையும் தைத்து மூடினா.

"பீடியை எங்கையடி வைக்கிறது?"

"காதில வையுங்கோ."

டொக்டர் சொன்ன வியாதியின் பெயர் எனக்கு விளங்கவேயில்லை. விளங்கியதெல்லாம் ஒன்றுதான்: பட்டறையால் வரும்போது அப்பா அந்தப் பைக்குள்தான் எனக்குத் தோடம்பழ இனிப்புக் கொண்டுவருவார், எண்ணெய் மணத்தோடு. பை போனதும் இனிப்பும் போனது. அப்பாவை எனக்கு மிச்சம் பிடித்துத் தந்த அம்மாவோடு, என் இனிப்பைக் கெடுத்தவ என்று, நான் நெடுநாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.