கடைசி வரியை வீட்டுக்கு அனுப்பிய வைதேகி மிஸ்

ஹெப்பாள் வட்டாரப் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த என் வயலினின் முதல் தந்தி, யாரும் தொடாமலே அறுந்து காலமானது. அன்னாருக்கு உடன்பிறந்த தந்திகள் மூவர் உள்ளனர். மலர்வளையங்களைத் தவிர்க்கவும்.

இப்படி ஒரு பதிவை எங்கள் வயலின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, யார் யார் சிரிக்கிறார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அதற்குக் கீழே வைதேகி மிஸ்ஸின் கணவர் இரண்டு வரி எழுதியிருந்தார். மிஸ் விடிகாலையில், தூக்கத்திலேயே போய்விட்டார். பழைய காலமாக இருந்தால் இந்தச் செய்தியும் தந்தியாகத்தான் வந்திருக்கும் என்று என் மூளை உடனே ஒரு வார்த்தை விளையாட்டை எடுத்து நீட்டியது. என் மூளை அப்படித்தான். கெட்ட செய்தி வந்தால் முதலில் அது கோணங்கித்தனம் செய்யும், பிறகுதான் செய்தி உறைக்கும். உறைத்ததும் என் பதிவை அழித்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இங்கே தொழிற்பேட்டையில் ஒரு பாக்டரியில் வேலை பார்ப்பவர், சொந்த ஊர் ஹனூர். கோபமாக எதுவும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "டீச்சரம்மாவும் போயிட்டாங்க. உனக்கும் பியுசி பரீட்சை வந்துருச்சு. அந்த வயலின எடுத்துப் பரண்ல வெச்சுரலாம் சாமி" என்றார்.

மறுத்துப் பேச என்னிடம் எப்போதும் பத்து பதில்கள் இருக்கும். ஆனால் அன்று எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு வயலின் தெரியுமா, அல்லது மிஸ்ஸுக்கு எதிரே உட்கார்ந்தால் மட்டும் தெரியுமா? இரண்டாவதுதான் உண்மை என்றால் பரண்தான் சரியான இடம்.

மிஸ்ஸை அறிந்த உங்களுக்கு அந்த கார் ஷெட்டையும் தெரியும். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் பெரிய ஐடி கம்பெனியில் வேலை பார்த்தார். புதன்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக ஷெட்டுக்கு வருவார். கார் தெருவில் நிற்கும். நாங்கள் எட்டுப் பேர் உள்ளே பாயில் இருப்போம். முதல் பத்து நிமிடம் எங்களுக்குப் பாடம் கிடையாது, அவருக்குத்தான். தனக்கு இன்னும் வராத ஏதாவது ஒன்றை எங்கள் முன்னாலேயே வாசிப்பார். தப்பும். நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப வாசிப்பார். மறுபடி தப்பும். மிஸ்ஸே சறுக்குகிறார் என்று முதலில் எங்களுக்கு ஒரே குஷி. பிறகு ஒரு புதன்கிழமை அது வந்தேவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தபோது, தப்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது எங்கள் எட்டுப் பேருக்கும் யாரும் சொல்லாமலே விளங்கியது.

பிரஜ்வல் என் நண்பன். கன்னடப் பையன், கிரிக்கெட் பைத்தியம். ஒருமுறை வயலினை விட்டுவிட்டு மட்டையைப் பிடித்தான். அவன் அம்மா மன்னிப்புக் கேட்பதுபோல வந்து நின்றார். மிஸ் அவனைத் தடுக்கவில்லை. பாயில் அவன் இடத்தை மட்டும் அப்படியே காலியாக விட்டு வைத்தார். மட்டையோடு தெருவில் போகும் போதெல்லாம் அவனைக் கூப்பிட்டு, இன்று காதில் என்ன விழுந்தது என்று கேட்பார். அவனும் பஸ் ஹாரன், கோவில் மணி, பக்கத்து வீட்டு மிக்ஸி என்று எதையாவது சொல்வான். அந்த ஹாரனை வயலினில் வாசித்துக் காட்டு என்று ஒருநாள் சொன்னார். வாசிக்க உள்ளே வந்தவன் திரும்பிப் போகவில்லை. "வாசிக்காம இருக்கலாம்டா. கேக்காம இருக்கப்டாது" என்பது மிஸ்ஸின் வாக்கு.

இனி என் வீரதீரம். வீட்டில் வயலினைத் தொடாதவன் என்பதுதான் இந்த வட்டாரத்தில் எனக்கிருக்கும் பெயர், புகழ் எல்லாம். கையில் வில் இருப்பதால் குழுவில் என்னை வில்லன் என்றே கூப்பிடுவார்கள். அதற்குத் தகுந்தபடி ஒரு வேலை செய்தேன். அரைமணி நேர வாசிப்பை போனில் பதிவு செய்து, தினமும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஓடவிட்டேன். நான் உள்ளே விளையாடிக்கொண்டிருப்பேன். அம்மா பூரித்துப்போய், சமையலறையில் நின்றபடி கேட்டதை இரண்டு நாள் தன் போனில் பிடித்து மிஸ்ஸுக்கு அனுப்பிவிட்டார்.

அடுத்த வகுப்பில் மிஸ் என்னைத் தனியாக அழைத்தார். "ரெண்டு நாளும் ஒரே எடத்துல பிசிறு தட்றது. மனுஷா வாசிச்சா தப்பு எடம் மாறும்டா" என்றார். திட்டுவார் என்று பார்த்தால், அம்மாவை ஏமாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால் நல்ல வாசிப்பை வைத்து ஏமாற்று, பிசிறு இல்லாமல் ஒன்று பதிவு செய்து கொண்டுவா என்று அனுப்பிவிட்டார். ஷெட்டின் மூலையில் உட்கார்ந்து, பிசிறில்லாத அரைமணி நேரம் கிடைப்பதற்குள் என் தோள்பட்டை கழன்றது. ஆனாலும் சாமர்த்தியத்தில் நானே ஜெயித்தேன். அந்த நல்ல பதிவைத்தான் பிறகு ஓடவிட்டேன்.

மிஸ்ஸிடம் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. எந்தப் பாட்டையும் வகுப்பில் முடிக்க மாட்டார். கடைசி வரிக்கு முந்தைய வரியோடு வில்லைக் கீழே வைத்துவிடுவார். "கடைசி வரியையும் நானே சொல்லிட்டா பாட்டு என்னோடதாயிடும். ஆத்துக்குப் போய்த் தேடுங்கோ" என்பார். ஆத்துக்கு என்றால் வீட்டுக்கு. அவர் பூர்வீகம் மேல்கோட்டை, அந்த வீடுகளின் பேச்சு அது. முதல்நாள் நான் காவிரிக்குப் போகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த புதனில் எட்டுப் பேர் தேடி வந்த எட்டு முடிவுகளையும் பொறுமையாகக் கேட்பார். பிறகுதான் பாட்டில் உள்ள வரி வரும். இப்படியே போனால் பிள்ளை எப்போது மேடை ஏறுவான் என்று பெற்றோர் சிலர் முணுமுணுத்தார்கள். மிஸ் சிரித்து வைப்பார். உன்னுடையது எங்கே கிடைத்தது என்று என்னைக் கேட்டால், வரும் வழியில் என்று கெத்தாகச் சொல்வேன்.

பதிமூன்றாம் நாள், ஷெட் வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நீங்கள் எல்லாரும் ஏதாவது வாசிக்க வேண்டும் என்று மிஸ்ஸின் கணவர் கேட்டுக்கொண்டார். கடைசிப் புதனன்று மிஸ் மோகன ராகத்தில் ஒரு சின்னப் பாட்டைத் தொடங்கிக் கொடுத்திருந்தார். அதையே வாசிப்பது என்று முடிவாயிற்று. ஒத்திகை பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. நான் அறுந்த தந்தியை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருந்தேன். அப்பா பின்வரிசையில், பாக்டரிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பரண் விஷயம் இன்றோடு முடிவாகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

ஆரம்பித்தோம். எதிரே மிஸ் இல்லை. முதல் வரியில் என் வில் தடுமாறியது, இரண்டாவதில் நிதானத்துக்கு வந்துவிட்டது. எட்டு வயலினும் ஒன்றாக, ஒரே குரலாகப் போயின. பெரியவர்கள் கண்ணைத் துடைக்கத் தொடங்கினார்கள். கடைசி வரி வந்தது. அங்கேதான் கவிழ்ந்தோம். ஒரு பெரிய சர்க்கிளுக்கு வந்து சேர்ந்த எட்டு ஆட்டோக்கள் போல ஆளுக்கொரு சாலையில் திரும்பினோம். ஒருத்தி மேலே ஏறினாள், பிரஜ்வல் ஹாரன் அடிப்பதுபோல எங்கோ போனான், நான் கீழே இறங்கிச் சுற்றிக்கொண்டு ஷட்ஜத்துக்கு வந்தேன். சபை திகைத்துப் போயிருந்தது. "முகீத்து குரு, மான ஹோய்த்து" என்று பிரஜ்வல் என் காதில் முனகினான். எல்லாம் முடிந்தது, மானமும் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

மிஸ்ஸின் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். அந்தப் பதிமூன்று நாளில் அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

"எல்லாரும் ஆத்துல வாசிச்சிருக்கேள்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "அடுத்த கிளாஸ் இல்லேன்னு தெரிஞ்சும் தேடியிருக்கேள்."

அழவேண்டிய இடத்தில் எனக்கு அப்பாடா என்று இருந்தது. மிஸ் போனதோடு எதுவும் போகவில்லை. அவர் அதை எங்களிடம் கொடுத்து எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

திரும்பும்போது அப்பா வண்டியை மெதுவாக ஓட்டினார். "உன்னோடது தனியாக் கேட்டுச்சு சாமி" என்றார். சற்று தூரம் போனதும், "கதவுக்குப் பின்னால ஓடுனது போனுன்னு எனக்குத் தெரியும். நெசமா ஊட்ல எப்ப வாசிச்சே? என் காதுல ஒரு நாளும் உழுவலியே" என்றார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "பரண்ல எடமில்ல. அம்மா பாத்திரமெல்லாம் ஏத்தி வெச்சுட்டா" என்று என்னைப் பார்க்காமல் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மிஸ்ஸிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது முடிக்காத பாட்டுகள்தான். அவற்றை யாரும் பரணில் ஏற்ற முடியாது.

போகிற போக்கில் இன்னொன்று. வீட்டில் வயலினைத் தொடாதவன் என்று இதுவரை நான் அளந்ததெல்லாம் புளுகு. சாயங்காலம் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடும்போது, அந்த இரைச்சலில் ஒளிந்துகொண்டு தினமும் வாசித்திருக்கிறேன். மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டியை வழியவிட்டதற்காக எத்தனையோ முறை அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மறக்கவில்லை, அம்மா. வரி முடியவில்லை.