என்ஜின் ஜன்னலில் ஒரு கை

சின்னசேலத்தில் நான் கணக்கு எழுதும் உரக்கடையில் மதியம் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். முதலாளி வீட்டுக்குப் போவார். மூட்டை தூக்குகிறவர்கள் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுப்பார்கள். என் வீடு இருப்பது கள்ளக்குறிச்சியில். அங்கே போய்ச் சாப்பிட்டுத் திரும்ப நேரம் இருக்காது. போனாலும் கதவைத் திறந்து வா என்று சொல்ல ஆள் கிடையாது. அம்மா போன பிறகு நான் மட்டும்தான். பூச்சிமருந்து நாற்றத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை. டப்பாவையும் கேமராவையும் ஸ்கூட்டியில் போட்டுக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் ரயில்வே கேட்டுக்குப் போக ஆரம்பித்தது அப்படித்தான்.

கேமரா பெங்களூரில் இருக்கும் தம்பியுடையது. புதுசு வாங்கியதும் பழையதை என் தலையில் கட்டினான். என் வயதுப் பெண்கள் பேரப்பிள்ளைகளைப் படம் எடுப்பார்கள். கல்யாணமே ஆகாத எனக்கு ரயில் வாய்த்தது. எங்கள் கள்ளக்குறிச்சிக்கு இதோ அதோ என்று ரயில் பாதை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதை நம்பி நான் கேமராவைப் பூட்டிவைக்க முடியுமா?

ரயிலைப் படம் எடுப்பது சுலபமில்லை. மேலே கம்பி, பக்கத்தில் கம்பம். ஒரு நொடி முந்தினால் என்ஜின் முகத்துக்குக் குறுக்கே கம்பம் நிற்கும். பிந்தினால் பெட்டிதான் கிடைக்கும். ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, நிலம் அளக்க வந்திருக்கிறேனா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

கேட்கீப்பரின் அறைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அந்த நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அவர் நாற்பது வயதுக்காரர், ரிஷிவந்தியம் பக்கம். நான் உண்டு என் டப்பா உண்டு என்று இருந்ததால் அவரும் தலையாட்டுவதோடு சரி. வண்டி வரும் நேரம் கேட்டை இறக்கிவிட்டுப் பச்சைக்கொடியோடு அறை வாசலில் நிற்பார். நான் அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி கேமராவோடு நிற்பேன்.

முதல் வாரமே அது நடந்தது. என்ஜின் எங்களை நெருங்கும்போது ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. நானும் கை தூக்கினேன். மறுநாளும் அந்தக் கை வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. அன்றாடம் ஒரு பெண் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு டிரைவர் கை காட்டுகிறார் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது? எனக்கு மனசு நிறைந்துபோனது. காலையில் நான் பூட்டிய வீட்டை மாலையில் நானே திறக்கிறேன். நடுவில் என்னை யாரும் எதிர்பார்ப்பதில்லை. இந்த ஒருவர் எதிர்பார்க்கிறார் என்று நம்பினேன். கடை லீவு விட்ட நாளில்கூட, அவர் தேடுவாரே என்று கள்ளக்குறிச்சியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கார்த்திகையில் வெயில் தெற்கே சாய்ந்தது. வேப்பமரப் பக்கமிருந்து எடுத்தால் என்ஜின் கறுத்துப்போய் விழுந்தது. பாதைக்கு எதிர்ப்புறம் போனால் வண்டி மேல் நல்ல வெயில் அடிக்கும். மக்காச்சோளக் காட்டுக்கு அப்பால் கல்வராயன் மலையும் சேர்ந்து கிடைக்கும். ஒருநாள் அங்கே போய் நின்றேன். அதுவரை எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். ஆனால் கை வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. இடம் மாறியதால் கண்ணில் படவில்லையோ என்று, பளிச்சென்று தெரிய மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு போனேன். நல்லவேளை, சிவப்பு கட்டவில்லை. அன்றும் ஜன்னல் சும்மாவே போனது. கோபமா, உடம்புக்கு முடியவில்லையா, மாற்றல் ஆகிவிட்டாரா என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பொறுக்கமாட்டாமல் கேட்கீப்பரிடம் போய், மதிய வண்டி ஓட்டுகிற சார் இப்போதெல்லாம் ஏன் கை காட்டுவதில்லை என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த கொடியைப் பார்த்தார்.

"காட்டிக்கினுதாங்க்கா இருக்காங்க, எனக்கு. நான் பச்ச காட்டுனா, பாத்துட்டேன்னு அவுங்க கை காட்டணும். யாரு ஓட்டுனாலும் அதான் ரூலு. ரூமு இந்தப் பக்கம் இருக்கறதால இந்தப் பக்கந்தான் காட்டுவாங்க."

அப்படியா என்றேன். சாவியைத் தேடுவதுபோல் பையைக் கிளறிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்று மாலை வீட்டில் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே ஆள் என்று நான் நம்பியவர் ஒருவரே அல்ல. மீசைக்காரர் ஒருவர், கண்ணாடி போட்டவர் ஒருவர், வழுக்கை விழுந்தவர் ஒருவர். ஒரு படத்தில் சின்ன வயதுப் பெண். கம்பத்துக்கும் கம்பிக்கும் பயந்தே காலத்தைக் கழித்த நான், முகத்தைப் பார்த்திருக்கவில்லை. எல்லோருடைய பார்வையும் எனக்கு முன்னால் நின்ற கொடியின் மேல் இருந்தது. ஒரு படத்தில்கூட யாரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மா போனபோது சொந்தக்காரர்கள் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டவள், பெயர் தெரியாத டிரைவர்களுக்காக உட்கார்ந்து அழுதேன்.

பிறகு சில நாள் கடையிலேயே சாப்பிட்டேன். தயிர்சாதத்திலும் பூச்சிமருந்து வாடைதான் அடித்தது. மறுபடி கேட்டுக்குப் போனபோது, உடம்பு சரியில்லையா என்று கேட்கீப்பர் விசாரித்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு நானும் தினமும் கை தூக்கினேன் என்று சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அறைக்குள் ஃபோன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு வந்து கேட்டை இறக்கினார், கொடியை எடுத்தார்.

"இப்பிடி என் பக்கத்துல வந்து நில்லுங்க்கா," என்றார். "கொடிய பாக்குற கண்ணு உங்களயும் பாக்காமலா பூடும்?"

போய் நின்றேன். வண்டி வந்தது. ஜன்னலில் ஒருவர் தெரிந்தார், கை நீண்டது, பார்வை கொடியின் மேல் இருந்தது. அங்கிருந்து அது கொஞ்சம் நகர்ந்து என் மேல் விழுந்ததா இல்லையா, அந்த வேகத்தில் எனக்குத் தெரியவில்லை. படம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். கேமரா கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.