முகத்துவாரத்துக்காக நான் நடத்திய போர்

கோயில் கட்டிக் கொடுத்தேன். நெல் கொட்டிவைக்கக் களஞ்சியம் கட்டிக் கொடுத்தேன். குளம், சந்தை, கூத்துக் கொட்டகை என்று எதிலும் குறை வைக்கவில்லை. அப்படியிருந்தும் ஒரு ஊர் முழுக்கச் சிவந்த மூஞ்சியோடு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தால் ராஜாவுக்குக் கோபம் வருமா, வராதா? எனக்கு வந்தது. இன்னும் தீரவில்லை.

நான் சொல்வது கம்ப்யூட்டர் விளையாட்டில் இருக்கிற ஜனங்களை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பழவேற்காடு ஏரியில் ஓலைப் பறிக் கூடையை வாயில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்தவன் நான். மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. இன்றைக்குத் தோணிரேவுப் பக்கம் நண்டு வாங்கி விற்கிற கொட்டகைகளில் என்னுடையதுதான் பெரியது. ஐஸ் வண்டி சொந்தம், மாடி வீடு சொந்தம். எவனும் என்னைக் கைதூக்கிவிட்டதில்லை. அப்படிப்பட்டவனுக்கு நாலு ஊரைக் கட்டி மேய்க்கத் தெரியாது என்று ஒரு பெட்டி சொல்கிறது.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் என் மகன். படிக்கவைத்தேன், ஓசூருக்கு வேலைக்குப் போனான். கொட்டகையை நீ பார்த்துக்கொள் என்றேன். நண்டு நாற்றத்துக்குத் திரும்பி வரமாட்டேன் என்றான். அந்த நாற்றம்தான் உன்னைப் படிக்கவைத்தது என்றேன். சொன்னதில் தப்பில்லை, இப்போதும் சொல்வேன். அதற்குப் பிறகு அவன் போன் அம்மாவுக்கு மட்டும்தான் வந்தது. என் முட்டிக்கு ஆபரேஷன் ஆகி நான் கட்டிலோடு கிடந்தபோது பார்க்க வந்தவன், தன்னுடைய பழைய கம்ப்யூட்டரை என் பக்கத்தில் வைத்தான்.

"சும்மா படுத்துக்கினு அம்மாவ பேஜார் பண்ணாத நைனா. இத்த ஆடு. நான் அங்கருந்து ஆடறேன், நீ இங்கருந்து ஆடு."

அன்றிலிருந்து சாயங்காலமானால் ஓசூரிலிருந்து போன் போடுவான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருவரும் ஆடுவோம். அவனுக்கு ஒரு ராஜ்யம், எனக்கு ஒரு ராஜ்யம். பேசியதெல்லாம் குதிரை, கோதுமை, கோட்டை என்றுதான். ஆனாலும் பேசினோம். அதை விட்டால் எங்களுக்கு வேறு பேச்சு இல்லை. ஆட்டம் நின்றால் பேச்சும் நின்றது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் என் வீட்டுக்காரிக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

இங்கிலீஷ் எனக்கு வராது. தேவையும் படவில்லை. ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கு மேலேயும் ஒரு மூஞ்சி இருக்கும். பச்சை மூஞ்சி என்றால் ஜனம் சந்தோஷமாக இருக்கிறது. மஞ்சள் என்றால் முணுமுணுக்கிறது. சிவப்பு என்றால் வேலைக்குப் போகாது. அதையும் கவனிக்காமல் விட்டால் ஊரோடு எழுந்து எதிரி ராஜாவிடம் போய்விடும். என் கொட்டகையில் நண்டு பிரிக்கிற பெண்களின் மூஞ்சியைப் பார்த்தே யார் வீட்டில் என்ன சங்கடம் என்று சொல்லிவிடுவேன். எனக்கா இது கஷ்டம்? பட்டு கேட்ட ஊருக்குப் பட்டு அனுப்பினேன், முத்து கேட்ட ஊருக்கு முத்து. கொஞ்ச நாளில் என் ராஜ்யம் எங்கு பார்த்தாலும் பச்சை. படித்தவனுடைய ராஜ்யம் பாதி மஞ்சள்.

"எப்டி நைனா?" என்று அவனே கேட்டான்.

"ஆளுங்கள வச்சி வேல வாங்கனவன்டா நானு. நீ மிஷினோட பேசறவன்."

அப்போதுதான் அவன் அந்தக் காரியத்தைச் செய்தான். எங்கள் இரண்டு ராஜ்யத்துக்கும் நடுவே பெரிய ஏரி ஒன்று இருந்தது. அந்த ஏரி கடலோடு சேருகிற இடத்தில், நான் கண் வைத்திருந்த இடத்தில், ஓர் ஊரைக் கொண்டுவந்து நட்டுவிட்டான்.

முகத்துவாரத்தில்! ஏரிக்காரன் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். எங்கள் முகத்துவாரத்தை மணல் மூடினால் கடல் தண்ணீர் உள்ளே வராது. இறால் குஞ்சு வராது. படகு வெளியே போகாது. தண்ணீர் கெட்டு ஏரி நாறும். முகத்துவாரம் எவன் கையில் இருக்கிறதோ அவன் கையில்தான் ஏரி. கரையைச் சுற்றி என் ஊர்கள் இருக்கின்றன. அத்தனையும் இவன் தயவில் பிழைப்பதா? அன்றைக்கே படையை அனுப்பினேன்.

"இன்னாத்துக்கு நைனா சண்ட?"

"முகத்துவாரத்துல போயி குந்திக்கினு கேக்கறான் பாரு கேள்வி!"

"அது சும்மா படம் நைனா. அதுவழியா மீனு ஒண்ணும் உள்ள வராது. ஏரில இருக்கிற மீனு தானா இருக்கும்."

"எப்டிடா தானா இருக்கும்? மேலருந்து கொட்டுமா?"

"இந்த ஆட்டத்துல அப்டித்தான்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டேன். முகத்துவாரம் அடைத்தாலும் ஏரியில் மீன் இருக்கும் என்று ஆட்டம் கட்டியவன், ஏரிக்கரையில் ஒரு நாள்கூட நின்றிருக்க மாட்டான்.

ஊரைப் பிடிக்க முடியவில்லை. மதிலுக்குப் பின்னால் வில்லாளிகளை வரிசையாக நிறுத்தியிருந்தான். என் ஆட்கள் செத்தார்கள். மறுபடி அனுப்பினேன், மறுபடி செத்தார்கள். இங்கே என் ஊர்களில் மூஞ்சி மாற ஆரம்பித்தது. எல்லையோர ஊர் மஞ்சளானது. சரி, அம்பு விழுகிற இடம், பயந்திருப்பார்கள். மலைக்குப் பின்னால், சண்டைச் சத்தமே கேட்காத ஊரும் மஞ்சளானது. இவர்களுக்கு என்ன வந்தது?

மகன் சொன்னான். "சண்ட நீண்டுக்கினே போனா ஜனத்துக்கு வெறுத்துப் பூடும் நைனா. அதுவும் அடுத்தவன் மண்ணுல போயி செத்தா வெறுப்பு இன்னும் ஜாஸ்தி ஏறும். கோயிலு கட்டினா கொஞ்சம் எறங்கும். சண்டய நிறுத்தினாத்தான் முழுசா எறங்கும்."

கோயிலைக் கட்டினேன். மஞ்சள்தான். கூத்துக் கொட்டகையைப் பெரிதாக்கினேன். சிவப்பு! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புயலில் கூரை பறந்துபோன மறுநாளே தார்ப்பாய்க்குக் கீழே நின்று நண்டு எடை போட்டவன் நான். அன்றைக்கு என் மூஞ்சி என்ன நிறத்தில் இருந்தது என்று எந்த ராஜா வந்து பார்த்தான்? நான் சண்டை போடுவது யாருக்காக? இவர்கள் பிள்ளைகள் மீன் தின்ன வேண்டும் என்றுதானே?

டீ கொண்டுவந்த வீட்டுக்காரி கேட்டாள். "இன்னாய்யா கத்தற? தெருவே கேக்குது."

"இந்த தண்டச்சோறுங்கள பாரு. இன்னா கொற வச்சேன் இவங்களுக்கு?"

திரையை எட்டிப் பார்த்தாள். மதிலோரம் என் ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். "செத்தவன்லாம் யாரு வூட்டுப் புள்ளைங்க?"

"அது படம்மே."

"மீனு படம்னு அவன் சொன்னா ஒத்துக்கமாட்ட. ஆளு செத்தா மட்டும் படமா?"

டீயில் சர்க்கரை இல்லை என்று சொன்னேன். அவள் காதில் வாங்காமல் போய்விட்டாள்.

இரண்டொரு நாளில் அது நடந்தது. மலைக்குப் பின்னால் இருந்த ஊர்தான் நான் முதன்முதலில் நட்ட ஊர். வெறுங்காட்டில் ஒரு குடிசையாகத் தொடங்கி, கோபுரமும் மதிலுமாக வளர்த்த ஊர். என் கண்ணெதிரே அதில் என் கொடி இறங்கி மகன் கொடி ஏறியது. ஒரு அம்பு விடாமல், ஊரோடு அவன் பக்கம் போய்விட்டார்கள்.

"திருட்டுப் பயலே! ஆச காட்டி இழுத்துக்கினியாடா?"

"நான் கூப்புடல நைனா. அவங்களா வந்தாங்க."

"எல்லாம் நான் குடுத்தது. கோயிலு, கொளம், எல்லாம். நன்றி கெட்டதுங்க!"

"குடுத்த, இல்லன்னல. குடுத்தத சொல்லிச் சொல்லிக் காட்டினா அங்க எப்டி இருக்கிறது?"

ஆட்டத்தில் ராஜா எதையும் சொல்லிக் காட்டுவதில்லை. அதற்கு அங்கே பட்டனே கிடையாது.

"எனக்கு இது புடிக்கல நைனா," என்றான். "சமாதானம் பண்ணு. இல்லனா நாளையிலருந்து நான் ஆடல."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. போரை விட்டுவிடலாம். என் ராஜ்யம், நான் விடுவேன். ஆனால் முகத்துவாரத்தை எப்படி விடுவேன்? தொண்டை வரைக்கும் திட்டு வந்து நின்றது. அப்போது என் வாயில் வந்தது வேறு.

"பாடு வச்சிக்கலாமாடா?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஏரியில் வலை கட்ட நல்ல இடம் எந்த ஒருவனுக்கும் சொந்தமில்லை. சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு ஒருத்தன், நாளைக்கு வேறொருத்தன் என்று முறை வைத்துக் கட்டுவார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. கையால் தடவிப் பிடிக்கிற எங்கள் ஜனத்துக்கு அதில் இடம் கிடையாது. அவர்கள் சீட்டுக் குலுக்கும்போது எட்ட நின்று பார்த்தவன் நான். அந்த அநியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிப்பேன். ஆனால் முறை நல்ல முறை. அதை நான் ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

"அதுக்கு இதுல வழி இல்ல நைனா."

"ஊர கைமாத்தி உடறதுக்கு பட்டன் இருக்குன்னு ஆரம்பத்துல நீதான சொன்ன? உன் பாடு முடிஞ்சா எனக்கு மாத்தி உடு. என் பாடு முடிஞ்சா நான் உனக்கு மாத்தி உடறேன்."

"உடலனா?"

"நண்டு எட போடறதுல ஒரு நாளு கை வச்சிருக்கனாடா நானு? கேளு, இந்தக் கரையில எவன வேணா கேளு!"

அவன் சிரித்தான். "ஒலகத்தையே புடிக்கிற ஆட்டம் நைனா இது. இதுல போயி பாடு கேக்கற நீ!" சிரித்து ஓய்ந்தபின், "மொத பாடு யாருக்கு? அம்மா சீட்டு எடுக்கட்டும்," என்றான்.

இரண்டு சீட்டு எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கினேன். அவள் ஒன்றை எடுத்தாள், பிரித்தாள், போன் பக்கம் குனிந்து, "எம் புள்ளைக்குத்தான்," என்றாள். காட்டு என்றேன். காட்டவில்லை. சேலை முனையில் முடிந்துகொண்டாள்.

சண்டை நின்றது. ஊர்கள் மெல்ல மெல்லப் பச்சைக்குத் திரும்பின. ஓடிப்போன ஊரை மகன் திருப்பிக் கொடுத்தான். என் கொடியைப் பார்த்ததும் கொஞ்ச நாள் மஞ்சளாக இருந்தார்கள், கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன். முகத்துவாரத்து ஊர்தான் இப்போது என் உயிரை எடுக்கிறது. ராஜா மாறுகிற ஒவ்வொரு தடவையும் சிவப்பு. மகனுடைய பாடு நடக்கும்போது அடங்கி வருவார்கள், என் பாடு வந்ததும் மறுபடி சிவப்பு. ஏன்யா? முறைதானே? உங்களை வெட்டினேனா, விற்றேனா? என் ஆயுசில் நான் பார்த்த ஒரே நியாயமான பங்கீடு அது, அதற்கும் மூஞ்சியைத் தூக்கினால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

"இவங்க பழகிப் பச்ச ஆவ எவ்ளோ நாளு ஆவும்டா?" என்று நேற்றுக் கேட்டேன்.

"ரொம்ப நாளு ஆவும் நைனா."

ஆகட்டும் என்று சொல்லி, அங்கே ஒரு கூத்துக் கொட்டகைக்குக் கடைக்கால் தோண்டச் சொன்னேன்.