பிரிட்ஜுக்குள் கிடந்த பங்கு இறைச்சி

பிரிட்ஜைத் திறந்து கறிச்சட்டியின் மூடியை எடுத்தபோதுதான் அப்பாவுக்குச் சொல்லவேண்டிய பதில் எனக்குப் பட்டது. குழம்பின்மேல் ஆட்டுக்கொழுப்பு வெள்ளையாக உறைந்து கிடந்தது. பக்கத்தில் எங்கள் மாட்டுத் தயிர், நெய்ப்போத்தல். மேல்தட்டில் இன்னும் சமைக்காத இறைச்சி. ஞாயிறு எடுத்தது, இன்றைக்கு வியாழன்.

அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் அப்பாவை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலிருந்து நெடுந்தீவுக்குத் திருப்பிக் கூட்டி வந்திருந்தோம். கொண்டுபோன அன்று படகில் நெஞ்சைப் பொத்திக்கொண்டு வியர்த்துக் கொட்டினார். குறிகட்டுவான் இறங்குதுறை கண்ணுக்குத் தெரிந்தது, கிட்ட வரவில்லை. அவர் கையைப் பிடித்தபடி நான் கடலைத் திட்டிக்கொண்டிருந்தேன். இதயக் குழாயில் கொழுப்பு என்றார் டொக்டர். இறைச்சியையும் நெய்யையும் நன்றாகக் குறைக்கச் சொன்னார். இன்னொரு தரம் வந்தால் கடல் தாண்டும்வரை தாங்குமோ தெரியாதாம்.

அப்பா மறுநாளே போய்ப் பங்கு எடுத்து வந்தார்.

"என்ர அப்பரும் இதைத்தானே சாப்பிட்டவர்? கடைசிமட்டும் மாடு மேய்ச்சவர்."

அந்தக் கேள்விக்குப் பதில் இப்போது என் கண்முன்னே குளிர்ந்துபோய் இருந்தது. நாலைந்து வீடுகள் சேர்ந்து ஆடு வாங்கி, வெட்டி, சமமாகக் கூறு போடுவதுதான் பங்கு. அந்தக் காலத்தில் அன்றே சமைத்து அன்றே முடிப்பார்கள். அடுத்த ஆடு எப்போதாவது. நடுவில் மீனும் முருங்கையிலையும். மிஞ்சும் பால் அயல்வீட்டுக்குப் போய்விடும். இப்போது எல்லாம் உள்ளேயே இருக்கிறது. நாங்கள் நாள்தோறும் தின்கிறோம்.

"அவரிட்டப் பிரிட்ஜ் இருந்ததே அப்பா?" என்றேன்.

குசினிக்குள் அம்மா சிரித்துவிட்டா. அப்பா சிரிக்கவில்லை.

"பங்கை விட்டா ஆள் முடிஞ்சுது எண்டுவினம். பிறகு ஒரு வேலைக்கும் கூப்பிடமாட்டினம்."

அவரைப் பிடித்து வைத்திருந்தது ருசி இல்லை, இந்தப் பயம். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு, கூறு போடுகிற அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, ஞாயிறு எங்கட பங்கை ரெண்டாப் பிரிக்க ஏலுமோ? பாதி பக்கத்து வீட்டு அக்காவுக்கு."

"அரைப்பங்கோ? ஆடே சிரிக்கும் தங்கச்சி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கொப்பர் சொன்னவரோ?"

"இல்லை."

"அப்ப அவரே வந்து சொல்லட்டும். பங்காளி அவர், நீரில்லை."

வீட்டுக்கு வந்தபோது அந்தக் கறி சூடாகி அப்பாவின் கோப்பையில் இருந்தது. கதிரையில் இருந்தவர் சாப்பிடாமல் இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை எடுத்தார்.

"நோகுதோ?"

"ஒண்டுமில்லை."

ஆனால் கோப்பையைத் தள்ளி வைத்தார். டொக்டர் தந்த, நாக்கின்கீழ் வைக்கிற குளிசையை எடுத்துக் கொடுத்தேன். தேய்ப்பது நிற்கும்வரை நானும் அம்மாவும் பக்கத்திலேயே நின்றோம்.

"ஞாயிறு நானும் வாறன், அரைப்பங்கு கேப்பம்," என்றேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாளைக் காலைப் பாலை நானே அக்கா வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். ஞாயிறு அப்பாவும் நானும் அக்காவும் ஒரே ஓலைப்பெட்டியோடு ஆடு வெட்டுகிற இடத்தில் நிற்கப்போகிறோம். நான் போய்ச் சொன்னதும், அரைப்பங்கு கேட்க அப்பா வாய் திறக்காவிட்டால் தான் திறப்பதாக அக்கா சொல்லியிருக்கிறா.