பச்சையை அமுக்கினால் நிற்கும் மோட்டார்

சிங்கவரத்து ஜெயக்கொடி செஞ்சிக் கோட்டை வாசலில் மோரும் வெள்ளரிப் பிஞ்சும் விற்பவள். வேர்க்கடலை போட்ட கொல்லையோ ஊரில். மும்முனை கரண்ட் எந்நேரம் வருமென்று யாருக்கும் தெரியாததால், கடையிலிருந்தே மோட்டாரை ஓட்டுவதற்குப் போனில் ஒரு செயலி போட்டுக்கொண்டாள். வேர்க்கடலைக்குப் பூவிலிருந்து மண்ணுக்குள் விழுது இறங்கும் பருவம். இப்போது தண்ணீர் தவறினால் காய் பிடிக்காது, மாட்டுக்குக் கொடிதான் மிஞ்சும்.

போனில் ஒரே ஒரு வட்டம், சில சமயம் பச்சை, சில சமயம் சிவப்பு. பச்சையைக் கண்டால் அமுக்குவாள், கொல்லை காயும். சிவப்பைக் கண்டால், எதற்கும் நிறுத்தி வைப்போமென்று அமுக்குவாள், கொல்லை ஏரியாகும். ஒருநாள் பெருகிய வெள்ளத்தில் தவளைகள் டிக்கெட் எடுக்காமல் செஞ்சி பஸ்ஸில் ஏறிவிட்டன. கண்டக்டரைக் கேட்டுப் பாருங்கள்.

செயலியைப் போட்டுத் தந்த மோட்டார் கடை பீமாராவிடம் சண்டைக்குப் போனாள்.

"பச்சைன்னா மோட்டார் ஓடுதும்மா."

"ஓட்டறதுக்குத்தான அண்ணே பச்சைய அமுக்கறேன்?"

பீமாராவ் தலையைச் சொறிந்தார். விளக்க விளக்க அவருக்கே குழம்பி, கடைசியில் செயலி செய்த கம்பெனிக்குப் போன் போட்டார். அங்கிருந்து கலைச்செல்வி என்ற பெண் வந்தாள். பாடம் எதுவும் நடத்தாமல் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, போனுக்குள்ளே என்ன இருப்பதாக நினைக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"மோட்டார் கொட்டாயில இருக்கிற ஸ்டார்ட்டர் பொட்டிதான். அதத்தான் சின்னதாக்கி உள்ள வச்சிருக்கீங்க. பச்சைய அமுக்குனா ஓடும், செவப்ப அமுக்குனா நிக்கும்."

கலைச்செல்விக்கு அப்போதுதான் புரிந்தது. கம்பெனியில் அந்த வட்டத்தை மோட்டாரின் நிலையைக் காட்டும் விளக்காக நினைத்து, அமுக்கினால் ஓடுவது நிற்கும்படியும் நிற்பது ஓடும்படியும் செய்திருந்தார்கள். இவளோ அதைப் பெட்டியிலிருக்கும் பொத்தானாகப் பார்த்தாள்.

பத்து நாளில் புதுச் செயலி வந்தது. பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, மேலே 'மோட்டார் நிற்கிறது' என்று எழுத்து. ஜெயக்கொடி பச்சையை அமுக்கினாள். எழுத்து 'மோட்டார் ஓடுகிறது' என்று மாறியது. அதை நம்பாமல், பக்கத்துக் கொல்லைத் தைலம்மாளுக்குப் போன் போட்டாள்.

"தண்ணி வருதா தைலு?"

"வருதுடி. நீ அமுக்குனதாலயா, தானா வருதான்னு எனக்கு இன்னா தெரியும்?"

ஜெயக்கொடி சிவப்பை அமுக்கினாள்.

"நின்னுடுச்சி."

பச்சை.

"திரும்ப வருது."

"அப்ப நான்தான்" என்றாள் ஜெயக்கொடி.