களத்தில் சொல்லக் கூடாத சொல்

தில்லைநாதனுக்குக் கோபம் மூக்கில் இருக்கவில்லை, காலில் இருந்தது. கோபம் வந்தால் நடப்பார். ஐம்பத்தேழாம் ஆண்டு மாசி மாதம் அவர் நடந்த நடையில், மாங்குளத்துக்குக் கிழக்கே அந்தக் குடியேற்றத்தின் வாய்க்கால் வரம்பு ஒரு சாண் தேய்ந்தது என்று ஊர் சிரித்தது.

மூன்று ஏக்கர் வயலுக்கு ஆசைப்பட்டு புகையிலை விளையும் வட்டுக்கோட்டையை விட்டு வந்த மனிதர். கிடைத்தது வாய்க்காலின் கடைசித் துண்டு. கோடைப் பயிரான சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் மேல்மடை வயல்களுக்குத்தான் முதலில் போகும். அவை குடித்துக் குடித்து விட்ட மிச்சத்தில் கடைமடைக்கு வந்து சேர்வது தவளைச் சத்தம் மட்டுமே. கடந்த இரண்டு சிறுபோகமும் பயிர் கருகிவிட்டது. மூன்றாவதும் தரிசாய்க் கிடந்தால் காணி வேறு ஆளுக்கு என்று அரசாங்கக் காணிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்திருந்தது.

"முதல் தண்ணியைக் கடைமடைக்கு விடட்டும். வாய்க்கால் மேல்மடைக்காரரின்ர வயலுக்குப் பக்கத்தாலதானே வருது? அவை பிறகு எடுக்கலாம்தானே? இது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்!"

"எனக்கு விளங்குது," என்றாள் மனைவி கமலாசனி. "விதானையாருக்கு விளங்கப்படுத்துங்கோ."

தண்ணீர் முறையைத் தீர்மானிக்கிற ஊர் அதிகாரி, விதானையார் பரமலிங்கம், பரம்பரை வன்னிக்காரர். மாடு கட்டி நெற்சூடு மிதிக்கும் நாட்களில் ஊர் முழுக்க அவருடைய களத்தில்தான் நிற்கும். தண்ணீர்க் கதையும் அங்கேதான் நடக்கும். தில்லைநாதன் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நெற்குவியலுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, கடைமடையில தண்ணி இல்லை..."

சுற்றி மிதித்துக்கொண்டிருந்த மாடுகளை மறித்துவிட்டார்கள்.

"ஆரடா அது, என்ர களத்தில அந்தச் சொல்லைச் சொன்னவன்?" என்று அதட்டினார் விதானையார்.

வன்னிக் களத்தில் நெல் குவிந்திருக்கும்போது 'இல்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது. குடிக்கிற தண்ணீர் தீர்ந்தாலும் 'பொலிஞ்சு போச்சு' என்பார்கள். பெருகிவிட்டதாம்.

"புகையிலைக் கண்டுக்குச் சூடு மிதிக்கிற ஆக்களுக்குக் களத்து முறை எங்கால தெரியும்?" என்றான் மேல்மடைக்கார நடராசா. களமே சிரித்தது. தில்லைநாதனை வெளியே அனுப்பி, அவர் நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.

வீட்டுக்கு வந்தவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஒரு சொல்லுக்காக என்ர காணி போகுது!"

"வந்து நாலு வருசம். மாட்டுக்குக்கூட அந்தக் கதை தெரியும். உங்களுக்குத்தான் தெரியேல்லை."

அவர் வெளியே போய், வெயில் சாயும்வரை தன் ஒற்றை எருதிடம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "உப்புப் பொலிஞ்சு போச்சு. தீப்பெட்டி பொலிஞ்சு போச்சு. என்ர பொறுமையும் பொலிஞ்சு போச்சு." குசினிக்குள் கமலாசனி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அதே தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

பின்னேரம் களத்துக்குத் திரும்பப் போனார். கும்பிட்டார்.

"விதானையார், கடைமடையில தண்ணி பொலிஞ்சு கிடக்கு."

நடராசா முதலில் சிரித்தான்.

"ரெண்டு சிறுபோகமாப் பயிரும் பொலிஞ்சு போச்சு. என்ர பிள்ளையளின்ர வயிறும் பொலிஞ்சு கிடக்கு. முதல் தண்ணியைக் கீழ விட்டால் ஆருக்கும் நட்டம் வராது. விடாட்டிலும் சரி." நெற்குவியலை நோக்கிக் கையை உயர்த்தினார். "என்ர வயல் பொலிஞ்ச மாதிரி உங்கட களமும் பொலியட்டும். நடராசான்ர வயலும் அப்பிடியே பொலியட்டும். பொலி! பொலி!"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு சொல்லும் முறை தப்பவில்லை, வாய் நிறைய வாழ்த்து. ஆனால் களத்தில் நின்ற ஒவ்வொருவனுக்கும் அது சாபமாகவே கேட்டது.

"நிப்பாட்டு தில்லை!" என்று கத்தினார் விதானையார்.

"ஏனய்யா? நல்ல வார்த்தைதானே சொல்லுறன்? இன்னும் ஒருக்கா..."

"வேண்டாம்! முதல் அஞ்சு நாள் தண்ணி கடைமடைக்கு. பிறகு மேல. உந்த வாயை மூடிக்கொண்டு போ."

சித்திரையில் தண்ணீர் வந்தது. கணுக்கால் வரை சேற்றில் நின்ற தில்லைநாதனின் முகம் அப்போதும் கடுகடுவென்றே இருந்தது.

"இன்னும் கோவம் போகேல்லையோ?" என்றாள் வரம்பில் நின்ற கமலாசனி.

"இல்லை!" என்றார். இது களமல்ல, அவருடைய வயல். வாய் நிறையத் திரும்பவும் சொன்னார். "இல்லை! இல்லை!"

பிறகு குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். முகம் எதனால் நனைந்தது என்று கமலாசனி கேட்கவில்லை.